சோங்காக், கபாய், காஞ்சிங், சிலிங், பீசாங்: 68 வயசு அம்மாவும் 6 வயசு பிள்ளையும் இருக்கற கும்பலுக்கு எது சரி?

எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல நாலு நாளா ஒரே சண்டை. அடுத்த மாசம் ஸ்கூல் லீவுக்கு பினாங்குலேந்து அக்கா குடும்பம் கேஎல் (கோலாலம்பூர்) வருது, எல்லாரும் சேந்து எங்கயாச்சும் ஆயர் தெர்ஜுன்ல, அதான் அருவியில, எறங்கி குளிக்கணும், பேச்சே அவ்வளவுதான், அதுக்கு ஆளாளுக்கு ஒரு எடம் சொல்றாங்க. மச்சான் சிலிங்னு ஒத்தக் கால்ல நிக்கறான். வீட்ல சோங்காக்ங்கறாங்க. பெரியவன் டிக்டாக்ல எதையோ பாத்துட்டு சுங்கை பீசாங்னு கத்திட்டு இருக்கான். எனக்கு கபாய்தான் புடிக்கும். காஞ்சிங் எங்க வீட்டுலேந்து காடியில கால் மணி நேரம், அதனாலயே அதை யாரும் மதிக்கறதில்ல. அம்மாகிட்ட இன்னும் யாரும் கேக்கல.

மொத்தம் 11 பேர். அம்மாவுக்கு 68, வலது முட்டி படி எறங்கும்போது மட்டும் கழுத்தறுக்கும். சின்னவளுக்கு 6, தண்ணியப் பாத்தா பயமே கிடையாது, நீச்சலும் கிடையாது, இது ரெண்டும் சேந்தாதான் நமக்கு பயம். அக்காவுக்கு நீச்சல் தெரியும்தான், கொண்டோ ஸ்விம்மிங் பூல்ல கத்துக்கிட்ட நீச்சல். மச்சானுக்கு 26, அதுக்கு மேல அவனப் பத்தி சொல்ல ஒன்னும் இல்ல.

பினாங்குலயே அருவி இருக்கே அக்கா, இங்க வந்துதான் குளிக்கணுமான்னு கேட்டா, தண்ணிமலைன்னு பேரு மட்டும்தான்டா, அந்தத் தண்ணிய குடிக்கறதுக்கு எடுத்துடறாங்க, குளிக்க விடமாட்டாங்கறா. உண்மைதான். பாலிக் புலாவ் பக்கம் தீத்தி கெராவாங் ஒன்னு இருக்கு, அதுலயும் பாதித் தண்ணி குழாயில போனப்பறம் மிச்சம்தான் பாறையில வழியுது. தீவுல பொறந்து வளந்தவங்களுக்கு அருவியில குளிக்கணும்னா கெடாவுக்கோ பேராக்குக்கோதான் போகணும்.

சரி, நான் இந்த அஞ்சு எடத்துக்கும் போயிருக்கேன், சிலதுக்கு அஞ்சாறு தடவை. எது அழகுன்னு பாத்தா முடிவுக்கே வரமுடியாது, ஏன்னா எல்லாம் அழகுதான். நான் பாக்கறது வேற. தண்ணி ஏறிச்சுன்னா எத்தனை நிமிஷத்துல எங்கம்மா வெளிய வருவாங்க? எல்லாரும் போற வழியத்தான் கேப்பாங்க, எவ்ளோ தூரம், எவ்ளோ ஏத்தம், பார்க்கிங் இருக்கான்னு. திரும்பி வர்ற வழிய யாரும் கேக்கறதில்ல. எனக்கும் இந்தப் புத்தி தானா வரல.

எட்டு வருஷம் இருக்கும், கபாய்ல நடந்தது. கூட்டாளிங்க நாலு பேரு, மதியம் ரெண்டரை மணி, தலைக்கு மேல சுள்ளுன்னு வெயில், மழைக்கான அறிகுறியே இல்ல. நடுவுல இருக்கற ஒரு மடுவுல மெதந்துட்டு இருந்தோம். மொதல்ல காஞ்ச எலை ஒன்னு ரெண்டு வந்துச்சு. அப்பறம் கொத்துக் கொத்தா, குச்சியோட. தண்ணி வாசனை மாறிச்சு, மண்ணு வெட்டுன எடத்துல வருமே அந்த வாசனை. நான் சிலிப்பர் கழட்டி வச்சிருந்த பாறை நல்லா காஞ்சு கெடந்தது, திரும்பிப் பாக்கறேன், ஒரு சிலிப்பர் பாறை மேல ஆடிட்டு இருக்கு, இன்னொன்னு கெளம்பிப் போயிடுச்சு. அதையும் பாத்து சிரிச்சிட்டுதான் இருந்தோம். பக்கத்துல பேரப்பிள்ளைங்கள வச்சிட்டு ஒக்காந்திருந்த ஒரு பாக்சிக் எழுந்து நின்னு "நாயிக்! நாயிக்! செப்பாட்!" (ஏறு, ஏறு, சீக்கிரம்)ன்னு போட்டாரு ஒரு சத்தம், அந்தக் குரல்லயே எங்க காலு தானா நகந்துடுச்சு. சிமெண்டுப் படியில ஏறி நின்னு மூச்சு வாங்கிட்டு திரும்பினா, தண்ணி தே தாரேக் (பால் டீ) கலர்ல பொங்கி வருது, கொஞ்ச நேரம் முன்னாடி பசங்க சறுக்கி வெளையாடிட்டு இருந்த பெரிய பாறையவே காணோம். போனது ரெண்டு ஜோடி சிலிப்பரும் ஒரு டப்பா மீ கோரேங்கும்தான், ஆனா படி மட்டும் கைக்கெட்டற தூரத்துல இல்லாம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு இன்னிக்கும் ராத்திரியில யோசிப்பேன்.

அதுதான் கெப்பாலா ஆயர், மலையிலேந்து திடீர்னு அடிச்சிட்டு வர்ற வெள்ளம். நம்ம தலைக்கு மேல மழை பெய்யணும்னு அவசியமே இல்ல, மலை உச்சியில கொட்டினா போதும், தித்திவாங்சா மலைத்தொடர் முழுக்க கருங்கல்லு, சரிவு செங்குத்து, மேல விழுந்த மழை எங்கயும் தங்காம நேரா ஓடையிலதான் சேரும். சில நேரம் விழுந்த மரமும் மண்ணும் மேல அடைச்சிக்கிட்டு தண்ணி தேங்கி, அப்பறம் ஒரேயடியா ஒடைச்சிட்டு வரும். 2021 ஆகஸ்டு 18 அன்னிக்கு கெடாவுல குனோங் ஜெராய் அடிவாரத்துல யான் பக்கம் இப்படித்தான் வந்து உயிர்ச்சேதமே ஆச்சு. எலை, குச்சி, கலங்கல், சத்தம் மாறறது, தண்ணி சட்டுனு ஜில்லுனு ஆகறது, இதுல ஒன்னு கண்ணுல பட்டாலும் சாமானப் பொறுக்காம மேல ஏறிடணும். சாமான் போனா போகட்டும்.

இத மனசுல வச்சிக்கிட்டு இப்ப ஒவ்வொரு எடமா பாப்போம்.

சிலிங்லேந்தே ஆரம்பிக்கறேன், மச்சான் படிச்சிட்டு அமைதியாகட்டும். கோல குபு பாருவத் தாண்டி, சிலாங்கூர் அணையத் தாண்டி, புக்கிட் பிரேசர் போற மலைச் சடக்குல (ரோட்டுல) இருக்கு. கேஎல்லேந்து ஒன்றரை மணி நேரம் ஓட்டணும், அப்பறம் காட்டுக்குள்ள ஒரு மணி நேரத்துக்கு மேல நடை, நடுவுல அதே ஆத்த அஞ்சாறு தடவை குறுக்க கடக்கணும், பாலம் கீலம் கிடையாது, கயிறு கட்டியிருந்தா உண்டு. போய்ச் சேந்தா, ஐயா, சொல்லக்கூடாது, ஒரே வீச்சுல நெட்டுக்குத்தா விழுற தண்ணி, காத்துலயே நனைஞ்சிடுவோம். வழியில தெளிஞ்ச தண்ணியில கெலா மீன் கூட்டம் கூட்டமா நிக்கும், அத பாதுகாக்கற ஆறு அது, புடிக்கக்கூடாது. காலுக்கு நடுவுல வந்து மோதிட்டுப் போகும், நம்மளப் பாத்து ஒரு பயமும் இருக்காது. இந்த அஞ்சுல எது கண்ணுக்கு விருந்துன்னு கேட்டா யோசிக்காம சிலிங்னு சொல்லிடுவேன்.

ஆனா கணக்கு போட்டுப் பாரு மச்சான். போகும்போது ஆறு தடவை கடந்தா வரும்போதும் ஆறு தடவை கடக்கணும். காலையில முட்டிக்கு இருந்த தண்ணி மதியம் மழைக்கு அப்பறம் இடுப்புக்கு வந்தா அம்மாவ விடு, ஒன்னாலயே முடியாது. ஆறு எடத்துல ஒரு எடம் அடைபட்டாலும் அந்தப் பக்கமே ஒக்காந்துட்டு தண்ணி எறங்கற வரைக்கும் காத்திருக்கணும், ராத்திரியானாலும் சரி. மழை ஜாஸ்தியா இருந்தா அங்க ஆளுங்களே உள்ள விடமாட்டாங்க, எல்லா நாளும் தொறந்தும் இருக்காது, போறதுக்கு முன்னாடி போன் போட்டுக் கேட்டுக்கணும். அந்தப் பக்கத்து ஊருக்கே தண்ணியோட பழைய கணக்கு ஒன்னு இருக்கு. 1883 அக்டோபர்ல மேல இருந்த பழைய அணை ஒடைஞ்சு கோல குபு ஊரே அடிச்சிட்டுப் போச்சு, வெள்ளைக்கார மாஜிஸ்திரேட் சிசில் ராங்கிங்கும் அதுலதான் செத்தாரு. அதுக்கப்பறம் மேட்டுல புதுசா கட்டின ஊருக்குத்தான் பாருன்னு பேரு, மலாய்ல பாருன்னா புதுசு. அங்க மட்டும் எனக்கு கொஞ்சம் பயம் ஜாஸ்தி, ஒத்துக்கறேன்.

சிலிங் நல்ல திடமான ஆறு பேருக்கு, மழை கம்மியான மாசத்துல, காலையில ஏழரைக்கே கேட்ல நிக்கற கும்பலுக்கு. 11 பேர் கூட்டத்துக்கு இல்ல.

சுங்கை பீசாங் கோம்பாக்ல இருக்கு, இதுல விசேஷமே வழிதான். கராக் ஹைவேக்கு அடியில பெரிய சிமெண்டு சுரங்கம் மாதிரி ஓடை போற வழி இருக்கும், அதுக்குள்ள தண்ணியிலயே நடந்து போகணும், தலைக்கு மேல லாரி போற சத்தம் கும்மு கும்முனு கேக்கும், மறுபக்கம் வெளிச்சத்துல வந்தா வேற ஒலகம் மாதிரி காடு. பசங்களுக்கு வீடியோ எடுக்க ஆசையா இருக்கறது நியாயம்தான். அப்பறமும் பாதி நேரம் ஓடையிலயே நடைதான், கல்லு வழுக்கும். ஆனா நான் மேல சொன்னதோட வச்சுப் பாருங்க, வெளிய வர்ற ஒரே நல்ல வழி அந்தச் சுரங்கம், தண்ணி ஏறினா மொதல்ல ரொம்பறதும் அந்தச் சுரங்கம். பெரியவன நான் தனியா கூட்டிட்டுப் போறேன்னு வாக்கு குடுத்தாச்சு, அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது.

காஞ்சிங். இதப் பத்தி நிறைய சொல்லணும், ஏன்னா எங்க ஏரியா, எங்க அருவி. செலாயாங்லேந்து ராவாங் போற பழைய பெரிய சடக்குல, டெம்ப்ளர் பார்க் பக்கத்துல. அந்த டெம்ப்ளருங்கறவரு 1952லேந்து 1954 வரைக்கும் மலாயாவுல ஹை கமிஷனரா இருந்த ஆளு. அருவி ஏழு தட்டு, ஒன்னுக்கு மேல ஒன்னு. கீழ் தட்டுங்களுக்குப் போக நல்ல பாதை, ஒக்கார எடம், பிள்ளைங்க காலாட்ட ஆழமில்லாத தண்ணி. மேல போகப் போக வழி செங்குத்தா ஆகும், அஞ்சாவதுக்கு மேல வேர் புடிச்சி ஏறணும், ஆனா மேலதான் கூட்டம் இல்லாம தண்ணி சுத்தமா இருக்கும்.

அங்க போனா பாதிப் பேரு மரத்த அண்ணாந்து பாக்கறதே இல்ல. காஞ்சிங் காட்டுல காப்பூர் மரம் கூட்டமா நிக்கும், அந்த எலைய கசக்கி மோந்தா லேசா ஒரு வாசனை வரும், நம்ம பச்சைக் கற்பூரம் வந்ததே இந்த மரத்துலேந்துதான். பெருமாள் கோயில் தீர்த்தத்துல போடறமே அது. அந்தக் காலத்துல சுமத்ராவுல பாரூஸ்ங்கற எடத்துலேந்து கப்பலேத்துவாங்க, நம்ம வணிகர் கூட்டம் 1088ல வச்ச தமிழ்க் கல்வெட்டே அந்தப் பக்கம் கெடைச்சிருக்கு. அம்மாவுக்கு இதச் சொன்னதுக்கு ஒரு எலைய கிள்ளி முந்தானையில முடிஞ்சிக்கிட்டாங்க. கியாம் காஞ்சிங்னு இன்னொரு மரம், ஒலகத்துலயே இந்தக் காட்டுல மட்டும்தான் வளருது, வேற எங்கயும் கெடையாது, அதுக்குப் பக்கத்துலதான் நம்ம ஆளுங்க மைக்க போட்டு கராவோக்கே பாடறாங்க.

காஞ்சிங்ல பிரச்சனை கொரங்கு. சும்மா சொல்லல. போன தடவை தங்கச்சி ஆசையா பருப்பு வடை சுட்டு எடுத்துட்டு வந்தா, சிவப்பு பிளாஸ்டிக் பையில. பை சத்தம் சரக்குனு கேட்டுச்சோ இல்லையோ, பெருசு ஒன்னு மரத்துலேந்து எறங்கி, ஓடிகூட வரல, ஆபீசர் மாதிரி நடந்து வந்து, அம்மா மடியில இருந்த பைய ஒரு கையால புடிச்சிச்சு. அம்மாவும் விடல. அது பல்லக் காட்டுது, அம்மா "சீ போ, என் மருமவனுக்கு சுட்டதுடா"ன்னு அதுகிட்ட நியாயம் பேசறாங்க. பை கிழிஞ்சு வடை எல்லாம் சிதறி, பத்து பதினஞ்சு கொரங்கு சுத்தி நின்னு சாப்டுச்சு, சின்னது ஒன்னு வடைய ஓடையில கழுவி வேற தின்னுச்சு. இப்ப சிரிப்பா இருக்கு, ஆனா கடிச்சிருந்தா ஊசி போட ஓடணும். சாப்பாடு கொண்டு போகவே போகாதீங்க, பசியாறிட்டு போங்க, மத்ததெல்லாம் காடியிலயே பூட்டி வைங்க, பிளாஸ்டிக் பை கையில இருந்தாலே அதுங்களுக்கு சோறுன்னு அர்த்தம்.

சோத்து மிச்சம் எங்க இருக்கோ அங்க எலியும் வரும், அது அடுத்த தலைவலி. கென்சிங் தீக்குஸ், எலிக் காய்ச்சல். எலி மூத்திரத்துல இருக்கற கிருமி தண்ணியிலயும் சேத்துலயும் கலந்து, காலுல வெட்டுக்காயம் இருந்தா அது வழியா, இல்ல கண்ணு மூக்கு வாய் வழியா உள்ள போயிடும். 2010ல பகாங்ல லூபோக் யூங்கற எடத்துல தண்ணியில முழுகின ஒருத்தர தேடப் போன ஆளுங்களுக்கே காய்ச்சல் வந்து 8 பேர் செத்தாங்க, இந்தக் கிருமியும் மண்ணுல இருக்கற மெலியோய்டோசிஸ் கிருமியும் சேந்து வந்த கேஸ் அது. அதே வருஷக் கடைசியிலதான் எலிக் காய்ச்சல் வந்தா கட்டாயம் சுகாதார இலாகாவுக்கு தெரியப்படுத்தணும்னு ஆக்கினாங்க. இதுக்காக குளிக்கவே வேணாம்னு சொல்லல. கால்ல புண்ணு இருக்கறவங்க எறங்காதீங்க, தண்ணிய குடிக்காதீங்க, கூட்டம் கூடி குப்பை சேர்ற கீழ் மடுவ விட்டுட்டு மேல போங்க, வந்து ஒன்னு ரெண்டு வாரத்துல காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தா கிளினிக்ல டாக்டர்கிட்ட "அருவியில குளிச்சேன்"ன்னு வாயத் தொறந்து சொல்லுங்க. நாம சொல்லாட்டி அவரு டிங்கியத்தான் மொதல்ல நெனைப்பாரு.

காஞ்சிங்ல திரும்பற வழி நல்லது, கீழ் தட்டுல இருந்தா பார்க்கிங் கூப்டற தூரம். கொரங்கும் கூட்டமும் மட்டும் இல்லாட்டி இங்கயே முடிச்சிருப்பேன். கிழமை நாள்ல, காலை எட்டு மணிக்கு, வெறுங்கையோட போற சின்னக் குடும்பத்துக்கு இத அடிச்சிக்க எடமே இல்ல, இப்பவும் சொல்றேன்.

உலு லங்காட் பக்கம் வருவோம். பத்து 14ங்கற டவுனத் தாண்டி உள்ள போகப் போக ரெண்டு பக்கமும் கம்பம் (மலாய் கிராமம்), சீசன்ல டுரியான் கடை, ஞாயித்துக்கிழமைன்னா சைக்கிள்காரங்க வரிசை. கபாய் அங்க ஒரு மலைச்சரிவுல. பெரிய பெரிய கருங்கல் பலகை மேல தண்ணி வழிஞ்சு வழிஞ்சு எறங்கும், நடுநடுவுல மடு, பக்கத்துலயே கீழேந்து மேல வரைக்கும் சிமெண்டுப் படி. என் கத படிச்சீங்கள்ல, அந்தப் படிதான். எந்த மடுவுல இருந்தாலும் பத்து எட்டு வச்சா படியில நிக்கலாம், அதனாலதான் கெப்பாலா ஆயர் பாத்தப்பறமும் எனக்கு கபாய் மேல கோவம் இல்ல. ஆனா படின்னா படிதான், நிறைய படி, அம்மா முட்டிக்கு எறங்கும்போது தாங்காது. பாறையில பாசி, வழுக்கினா பல்லு போயிடும். சில மடு பாக்க பச்சையா அழகா இருக்கும், ஓரத்துல இடுப்பளவுதான் இருக்கும், ரெண்டு எட்டு தள்ளி ஆளையே காணோம்ங்கற ஆழம். ஆழம் தெரியாம காலை விடாதன்னு சும்மாவா சொன்னாங்க. அருவி விழுற எடத்துக்கு நேர் கீழ நொரையா இருக்கற தண்ணியில பாதி காத்து, அதுல மெதக்கறது கஷ்டம், நல்லா நீந்தறவனையும் உள்ளயே சுத்தி வச்சிக்கும். அக்காவோட கொண்டோ நீச்சல் அங்க செல்லாது.

சோங்காக்குல உள்ளதச் சொல்லணும்னா, அத அருவின்னு சொன்னா அருவி கோவிச்சிக்கும். அகலமான ஆறு, உருண்டைக் கல்லு, அங்கங்க சலசலன்னு எறக்கம், அவ்வளவுதான். மச்சான் "அதுக்கு வீட்ல பாத்டப் ரொப்பிட்டு ஒக்காரலாம்"ங்கறான். சனி ஞாயிறு போனா ஆளு மேல ஆளு, ஆத்துக்குள்ள பிளாஸ்டிக் நாக்காலி, ஒரு தடவை கல்லு இடுக்குல பாம்பர்ஸ் பாத்தேன், அன்னிக்கு தண்ணியிலேந்து ஏறினவன் ஆறு மாசம் போகல. ஆனா தரை சமமா இருக்கு, காடிய விட்டு எறங்கினா நடக்கற தூரத்துல ஆறு, குடிசை இருக்கு, தண்டாஸ் (கக்கூஸ்) இருக்கு, முன்னாடி கடை இருக்கு, ஓரத்துல தண்ணி சின்னவளோட முட்டிதான். தண்ணி ஏறினா அம்மா எழுந்து திரும்பி நடந்தா போதும், ஏறவே வேணாம். கெப்பாலா ஆயர் இங்கயும் வரும், வந்திருக்கு, யாரும் ஏமாறக்கூடாது, ஆனா தப்பிக்கற தூரம் இங்கதான் கம்மி.

ஒரு விஷயம் வீட்லதான் கண்டுபுடிச்சாங்க, பாராட்டணும். கபாயும் சோங்காக்கும் ஒரே பக்கம்தானே, காடியில கொஞ்ச நேரம்தானே, எதுக்கு ஒன்ன தேர்ந்தெடுக்கணும்? எனக்கு நாலு நாளா தோணல. ஆக முடிவு இப்படி: ஏழரைக்கு எல்லாரும் சோங்காக். அம்மா, அக்கா, சின்னவ, மத்த பெரியவங்க அங்கயே. மச்சான், பெரியவன், அக்கா பசங்க ரெண்டு பேரு, நான், அஞ்சு பேரும் ஒரு காடியில கபாய், பதினொன்றைக்கு திரும்பி சோங்காக்ல நிக்கணும், உள்ள லைன் எடுக்காது, போன் பண்ணி பேச முடியாது, அதனால நேரம்னா நேரம். ஒரு மணிக்கு எல்லாரும் காட்ட விட்டு வெளிய. இந்தப் பக்கம் மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேலதான் கட்டும், ஏப்ரலும் அக்டோபர் நவம்பரும் இன்னும் மோசம். முந்தின நாள் மைசுவாச்சா வானிலை ஆப்ல பாக்கணும், ராத்திரி முழுக்க மலையில பெஞ்சிருந்தா நேரா கேஎல் பேர்ட் பார்க் போயிடலாம், கோவிச்சிக்கறவன் கோவிச்சிக்கட்டும்.

முகாம் போட்டு ராத்திரி தங்கலாம்னு மச்சான் நடுவுல ஒன்னு போட்டான். 2022 டிசம்பர் 16 விடியக்காலையில பத்தாங் காலில முகாம் மேல மண்ணு சரிஞ்சு 31 பேர் போனத நான் மறக்கல, மலையடிவாரத்துல கூடாரம் போட்டு பிள்ளைங்களோட தூங்க என்னால முடியாது. அந்தப் பேச்சே வேணாம்.

நாள் புதன்கிழமை. சனிக்கிழமை வேணாங்கறதுல மட்டும் எல்லாருக்கும் ஒத்த கருத்து. நான் ஒரு நாள் லீவு போட்டாச்சு. சில்லறை காசு கையில வச்சிக்கணும், டிக்கெட்டும் பார்க்கிங்கும் சில வெள்ளி (ரிங்கிட்)தான், ஆனா லைன் இல்லாத எடத்துல டச் அன் கோ இ-வாலட்ட காட்டிட்டு நிக்க முடியாது. லைப் ஜாக்கெட் சின்னவளுக்கு கட்டாயம், கையில மாட்டற காத்து வளையல நம்பமாட்டேன். அட்டைக்கு உப்பு. குப்பைக்கு கறுப்புப் பை ரெண்டு. காலுக்கு சிலிப்பரும் வேணாம் நைக்கும் வேணாம், கம்போங் அடிடாஸ் போதும், பால்மரம் சீவறவங்க போட்ட அதே கறுப்பு ரப்பர் சப்பாத்து, அடியில முள்ளு முள்ளா இருக்கும், பாசிப் பாறையில அது புடிக்கற மாதிரி நூத்துக்கணக்குல வெலை போட்டு வாங்கின சப்பாத்தும் புடிக்காது, தண்ணியும் உள்ள நிக்காம போயிடும்.

கடைசியா அம்மாகிட்ட போய் சொன்னேன். அம்மா, உங்களுக்கு கஷ்டமே இல்ல, சோங்காக்ல நாக்காலி போட்டு ஒக்கார வச்சிடுவோம், காலை மட்டும் நனைங்க, திரும்பற வழியில டூசுன் துவாவுல சுடுதண்ணி ஊத்து இருக்கு, முட்டிக்கு நல்லதுன்னு.

கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசல. அப்பறம், "தோட்டத்துல இருந்தப்ப வேலை முடிஞ்சி தெனமும் ஆத்துலதான் குளிப்போம், நான் இந்தக் கரையிலேந்து அந்தக் கரைக்கு போயிட்டு வருவேன், ஒங்கப்பாவுக்கு நீச்சலே தெரியாது, கரையில துணி வச்சிட்டு நிப்பாரு"ன்னாங்க. எங்களுக்கு இது தெரியவே தெரியாது. 45 வருஷமா யாரும் கேக்கல.

"நாக்காலிய ஒங்க அக்காவுக்கு போடு. அந்த ரப்பர் சப்பாத்து அஞ்சாம் நம்பர் கெடைக்குமா பாரு."